சொல் புரியவில்லை, விரல் போயிற்று!

விசைத்தறி ஓட்டும் தோழர் ஒருவர். வயது ஐம்பதைத் தொடவில்லை. ஊர்ப் பெயர் வேண்டாம், அவர் பெயரும் வேண்டாம், சொன்னால் கூச்சப்படுவார். கூட்டம் என்றால் முதல் ஆளாக வந்து பந்தல்காலைப் பிடிப்பவர், பசை காய்ச்சிச் சுவரொட்டி ஒட்டுபவர், படிப்பகத்திலே ஏட்டை எடுத்து ஏற்ற இறக்கத்தோடு படித்து நாலு பேரைச் சிரிக்கவும் சிந்திக்கவும் வைப்பவர். அவருடைய இடது காலிலே இன்று மூன்று விரல்கள்தான் இருக்கின்றன.

தறியிலே சிக்கியா போயின மற்ற இரண்டும்? இல்லை. வண்டி ஏறியா? இல்லை. ஒரு துண்டுத்தாளிலே இருந்த மூன்றாவது வரி அவருக்குப் புரியவில்லை. அதனால்!

சர்க்கரை நோய் அவருக்கு. மாத்திரை தின்று வந்தார். இரத்தச் சோதனைக்குப் போகும்போது அவருக்கு ஒரு யுக்தி தோன்றியது. இரண்டு நாள் அரை வயிறு சாப்பிட்டார். காப்பியிலே சர்க்கரையை நிறுத்தினார். மூன்றாம் நாள் வெறும் வயிற்றோடு போய்க் கையை நீட்டினார். வெறும் வயிற்றுச் சர்க்கரை 118 என்று வந்தது. பிறந்தது மகிழ்ச்சி! படிப்பகத்துக்கு ஓடி வந்தார், தாளை வீசி வீசிக் காட்டினார். "பாத்தீங்களா, சர்க்கரை ஓடியே போச்சு!" என்றார்.

அந்தத் தாளிலே 118க்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. ஏ1சி என்று எழுதி, 9.6 என்று போட்டிருந்தது. "இது என்னங்க?" என்று கேட்டார் தோழர். கேட்டது யாரை? என்னை! மேடையேறி மணிக்கணக்கில் முழங்குகிறவன், ஊருக்கெல்லாம் உரைக்கிறவன், என்ன சொன்னேன் தெரியுமா? "ஏதோ கணக்கு, மேல இருக்கிற எண்தான் முக்கியம்" என்று சொன்னேன். தெரியாது என்று சொல்ல நா எழவில்லை. அவர் மாத்திரையை நிறுத்தினார். பத்து மாதம் கழித்துச் செருப்புக் கடித்து ஒரு கொப்புளம் வந்தது. சர்க்கரை நரம்பைத் தின்றிருந்ததால் வலி தெரியவில்லை. வலி தெரிந்திருந்தால் அன்றே பார்த்திருப்பார். புண்ணானது, அழுகியது, விரல் இரண்டை எடுத்தார்கள்.

அந்த 9.6 என்ன சொன்னது? அதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன், காலம் கடந்து!

உடம்பிலே ஓடும் இரத்தத்திலே கோடானுகோடி சிவப்பணுக்கள் மிதக்கின்றன. மூச்சிலே இழுக்கும் காற்றிலிருந்து ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை இறக்கிவிட்டு வருவதே அவற்றின் வேலை. சுமை தூக்கும் தொழிலாளி! எலும்பின் உள்ளே இருக்கும் மச்சையிலே பிறக்கிறது. வேலைக்குக் கிளம்பும்போது உடம்பின் மற்ற செல்களில் பெரும்பாலானவற்றுக்கு உள்ள உட்கருவைக்கூட உதறிவிட்டுச் சுமைக்கே முழு இடத்தையும் ஒதுக்கிக்கொள்கிறது. ஓய்வு இல்லை, ஞாயிற்றுக்கிழமை இல்லை. ஏறத்தாழ 120 நாள் ஓடியபின் மண்ணீரலிலே அதன் கதை முடிகிறது. அதன் இரும்பை மட்டும் உடம்பு பத்திரமாக எடுத்துக்கொண்டு அடுத்த ஆளுக்குக் கொடுக்கிறது. நொடிக்கு ஏறத்தாழ 20 லட்சம் புதிய சிவப்பணுக்கள் பிறந்தபடி இருக்கின்றன. வேலைநிறுத்தம் செய்யாத தொழிலாளி என்று முதலாளிகள் மகிழ வேண்டாம். அது நின்றால் முதலாளியின் மூச்சும் சேர்ந்து நிற்கும்.

அந்தத் தொழிலாளியின் கையிலே உள்ள கூடைக்குப் பெயர்தான் ஹீமோகுளோபின். ஹீம் என்பது இரும்பை நடுவிலே வைத்த பகுதி. குளோபின் என்பது புரதம். நாலு புரதச் சங்கிலி, நாலு இரும்பு, ஆகவே ஒரு கூடைக்கு நாலு ஆக்சிஜன் மூலக்கூறு. ஒரே ஒரு சிவப்பணுவுக்குள் இப்படி ஏறத்தாழ 27 கோடிக் கூடைகள்! இரத்தம் சிவப்பாக இருப்பது இந்த இரும்பு கொண்ட ஹீமினால்தான். "என் இரத்தம் உயர்ந்தது, உன் இரத்தம் தாழ்ந்தது" என்று பேசுவோர் இன்னும் இருக்கிறார்கள் அல்லவா, அவர்கள் உடம்பிலும் இதே கூடைதான், இதே இரும்புதான்.

இனி 9.6க்கு வருவோம். இரத்தத்திலே சர்க்கரை மிகுந்தால் அது ஹீமோகுளோபினிலே போய் ஒட்டிக்கொள்கிறது. வெல்லப்பாகு பட்ட கூடை எப்படி இருக்கும்? அப்படி! ஒட்டியது கழன்று வருவதில்லை. அந்தச் சிவப்பணு சாகும்வரை அதனோடு இருக்கும். ஆகவே, நூறு கூடையிலே எத்தனையில் பாகு ஒட்டியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால், கடந்த இரண்டு மூன்று மாதமாக இரத்தத்திலே சர்க்கரை எப்படி இருந்தது என்பது தெரிந்துபோகும். அந்த எண்தான் ஏ1சி. 5.7க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை, 6.5ம் அதற்கு மேலும் என்றால் சர்க்கரை நோய். நோயாளிகளில் பெரும்பாலோருக்கு 7க்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள் மருத்துவர்கள்.

புரிகிறதா, தோழர்களே! வெறும் வயிற்றுச் சர்க்கரை என்பது அன்று காலை எடுத்த புகைப்படம். சீவிச் சிங்காரித்துக்கொண்டு புகைப்படத்துக்கு நின்றார் நம் தோழர். ஏ1சி மூன்று மாதத்து வருகைப் பதிவேடு. இரண்டு நாள் பட்டினியால் பதிவேட்டைத் திருத்த முடியுமா? "பொய் சொல்கிறது 118, நம்பாதே!" என்று கத்தியது அந்த மூன்றாவது வரி. கத்திய மொழி எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

பதிவேடும் எப்போதும் சரியாக இராது என்பதைச் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். சிவப்பணு 120 நாள் வாழாமல் விரைந்து அழியும் நோய் சிலருக்கு உண்டு. அவர்களுக்குப் பாகு ஒட்டவே நேரம் போதாது. ஏ1சி குறைத்துக் காட்டும். அவர்களிலே ஒரு சாரார் நம் நீலகிரி மலையிலே இருக்கிறார்கள். அந்தக் கதை ஒரு சொல்லின் கதைக்கும் மேலே, ஓர் எழுத்தின் கதை!

1910ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிக்காகோ நகரிலே எரிக் என்ற மருத்துவர், கிரெனடாத் தீவிலிருந்து படிக்க வந்த ஒரு மாணவருடைய இரத்தத்தைப் பற்றி எழுதினார். வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணுக்கள் கதிர் அரிவாள் போல வளைந்து கிடந்தன. அரிவாள் உருவம் கொண்டவை நுண்ணிய குழாய்களிலே சிக்கிக்கொள்கின்றன. இரத்தம் போகாத இடத்திலே உயிர் போகும் வலி. விரைந்து அழிவதால் சோகை. எத்தனை எத்தனை தாய்மார்கள் குழந்தை துடிப்பதைப் பார்த்து, சாபம் என்றும் தெய்வக்குற்றம் என்றும் சொல்லக் கேட்டுக் கண்ணீர் வடித்திருப்பார்கள்! 1949இல் லைனஸ் பாலிங்கும் அவருடைய தோழர்களும் குற்றவாளியைப் பிடித்தார்கள். குற்றம் ஹீமோகுளோபின் மூலக்கூறிலே இருக்கிறது என்றார்கள். மூலக்கூற்று நோய் என்றே பெயரிட்டார்கள். அடுத்த எட்டாண்டுக்குள் கேம்பிரிட்ஜிலே இன்கிராம் இன்னும் நெருங்கிப்போய், அந்த இடத்தையே விரலால் தொட்டுக் காட்டினார்.

புரதம் என்பது மணி கோத்த மாலை. மணிக்குப் பெயர் அமினோ அமிலம். இருபது வகை மணிகளை வைத்துத்தான் உடம்பு பெரும்பாலும் தன் எல்லாப் புரதங்களையும் கோக்கிறது. ஹீமோகுளோபினின் நாலு மாலைகளில் இரண்டு, 146 மணிகள் கொண்டவை. அந்த 146இல் ஆறாவது மணி ஒன்றே ஒன்று மாறியிருக்கிறது. குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்திலே வேலின். அவ்வளவுதான் குற்றம்!

மணி ஏன் மாறியது? எந்த மணியை எந்த இடத்திலே கோக்க வேண்டும் என்று எழுதி வைத்த மூலப்படி ஒன்று இருக்கிறது. அதுதான் டி.என்.ஏ. நாலே எழுத்துகள் அதற்கு: ஏ, டி, ஜி, சி. 247 எழுத்து வைத்திருக்கும் நமக்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால் அந்த நாலை வைத்து ஏறத்தாழ 300 கோடி எழுத்து நீளத்துக்கு மனிதனுக்கான நூல் எழுதப்பட்டிருக்கிறது. மூன்று மூன்று எழுத்தாகச் சேர்த்துப் படித்தால் ஒரு மணியின் பெயர். ஜி.ஏ.ஜி. என்றால் குளூட்டாமிக் அமிலம். நடு எழுத்து மாறி ஜி.டி.ஜி. ஆனால் வேலின். அச்சுக்கூடத்திலே எழுத்துக் கோத்த தோழர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பால் என்று கோக்க வேண்டிய இடத்திலே கடைசி எழுத்து மாறிப் பாழ் என்று விழுந்தால் என்ன ஆகும்? அதுதான் ஆகிறது இரத்தத்திலே!

இந்த நூலிலே, ஒரு புரதத்துக்கான செய்தி எழுதப்பட்ட பகுதி எதுவோ அதை மரபணு என்கிறோம். மூலநூல் உட்கருவை விட்டு வெளியே வருவதில்லை. தொழிற்கூடத்துக்கு வருவது நகல். அந்த நகல்தான் தூது ஆர்.என்.ஏ. வேலை முடிந்ததும் நகல் கிழிந்துபோகும். கொரோனாக் காலத்திலே, ஆர்.என்.ஏ. தடுப்பூசி போட்டால் உடம்பின் டி.என்.ஏ.வே மாறிவிடும் என்று உலகெங்கும் ஒரு புரளி கிளம்பியதே, நகலைத் தொட்டால் மூலம் மாறிவிடும் என்று சொல்வதற்கு ஒப்பானது அது. அதிலும் ஒரு வேடிக்கை: நம் நாட்டிலே பெரும்பாலோர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டும் கோவேக்சினும் ஆர்.என்.ஏ. ஊசிகளே அல்ல!

மூவெழுத்துக் குறிகளுக்குப் பொருள் கண்டவர்களில் ஒருவர் ஹர்கோவிந்த் குரானா. பஞ்சாபிலே, ஏறத்தாழ நூறு பேர் வாழ்ந்த ஒரு சிற்றூரிலே, கிராமக் கணக்கர் வீட்டிலே பிறந்தவர். எழுதப் படிக்கத் தெரிந்த குடும்பம் அந்த ஊரிலே ஏறத்தாழ அவருடையது ஒன்றுதான். 1968இல் அவரும் நிரன்பர்க்கும் ஆலியும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். எழுத்தறியாத ஊரிலே பிறந்தவர், உயிரின் எழுத்தைப் படித்தார்.

நீலகிரிக்கு வருகிறேன். 1952இல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள், நம் நீலகிரியின் பழங்குடி மக்களிடம் இந்த அரிவாள் இரத்தம் இருப்பதைக் கண்டு எழுதினார்கள். இந்தியாவிலே முதலில் தெரிந்தது அங்கேதான். தாயிடமிருந்து ஒரு படி, தந்தையிடமிருந்து ஒரு படி என இந்த மரபணு நமக்கு இரட்டையாக வருகிறது. ஒன்றிலே மட்டும் பிழை இருந்தால் பெரும்பாலும் நோய் இல்லை, கடத்துபவர் மட்டுமே. கடும் மலேரியாவிலிருந்து அவருக்கு ஓரளவு காப்பும் உண்டு என்று 1954இல் ஆலிசன் காட்டினார். இரண்டிலும் பிழை என்றால்தான் நோய். கடத்துபவர் இருவர் மணந்துகொண்டால் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, நோயோடு பிறக்க.

"நாலில் ஒன்று" என்கிற இந்தச் சொல்லையும் கவனியுங்கள். முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, ஆகவே அடுத்த மூன்றும் தப்பிவிடும் என்று கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படியல்ல! ஒவ்வொரு பேற்றிலும் சீட்டுப் புதிதாகக் குலுக்கப்படுகிறது. 2023இல் இந்த நோயை ஒழிக்க நாடு தழுவிய இயக்கம் ஒன்றை ஒன்றிய அரசு தொடங்கியது. சோதனை செய்து அட்டை கொடுக்கிறார்கள். நல்லது, மிக நல்லது! ஆனால் அந்த அட்டையை வாங்குகிற பெண்ணுக்குக் கடத்துபவர் என்பதற்கும் நோயாளி என்பதற்கும் வேறுபாடு தெரியாவிட்டால், அட்டை என்ன செய்யும்? நோயே இல்லாத ஒருத்தியை நோயாளி என்று ஒதுக்கி வைக்கும்.

இதையெல்லாம் சொன்னால் ஒரு கூட்டம் புன்னகை புரியும். "உடலியலாம், மூலக்கூற்று உயிரியலாம்! அதெல்லாம் ஆங்கிலத்திலே படித்தவர்களுக்கே தலை சுற்றும். தமிழிலே சொல்ல முடியுமா? தறிக்காரனுக்குச் சொல்லத்தான் வேண்டுமா?" என்று கேட்கும். அவர்களை மானிப்பாய்க்கு அழைத்துப் போகிறேன். யாழ்ப்பாணத்திலே இருக்கிறது மானிப்பாய். 1847இல் அமெரிக்காவிலிருந்து கிறீன் என்ற மருத்துவர் இலங்கைக்கு வந்தார். சமயம் பரப்ப வந்தவர், ஆம். வந்த இடத்திலே தமிழைக் கற்றார், தமிழ் இளைஞர்களுக்கு மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். ஊர் மக்களோடு இருந்து ஊருக்குப் பயன்பட வேண்டுமானால் ஊர் மொழியிலே படிக்க வேண்டும் என்றார். அவருடைய முயற்சியிலே 1872இல் உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரிலே தமிழில் வந்தது. வடமொழி வாடை வீசுகிறதே என்று முகம் சுளிக்கும் தோழர்களே, பெயரைத் தள்ளி வையுங்கள், ஆண்டைப் பாருங்கள். 1872! ஆங்கில மருத்துவர்கள் படித்த கிரேயின் நூல் அன்றைக்கே தமிழன் கையில் தமிழாக இருந்தது. முடியுமா என்று இன்னும் கேட்கிறார்கள்!

சொல் என்றால் ஏதோ வானத்திலிருந்து விழுந்தது என்று நினைக்க வேண்டாம். 1665இல் இராபர்ட் ஊக் தக்கைச் சீவலை உருப்பெருக்கியிலே பார்த்தார், மடத்துத் துறவிகளின் சிற்றறைகள் போலத் தெரிந்தன, சிற்றறைக்கு அவர்கள் மொழியிலே செல் என்று பெயர், அதையே வைத்தார். நொதி என்று நாம் சொல்வது என்ன? இட்லி மாவு பொங்குகிறதே, அந்த நொதித்தல்தான். ஜெர்மானியரான கூனே 1877இல் எடுத்த பெயருக்கும் ஈஸ்ட்டுக்குள் இருப்பது என்றே பொருள். அடுப்படியிலே பிறந்த சொல் இரண்டும்! ஹார்மோன் என்பது 1905இல் ஸ்டார்லிங் தம் சொற்பொழிவிலே முதன்முதல் சொன்னது. கிரேக்கத்திலே தூண்டிவிடுதல் என்று பொருள். ஒரு விருந்து மேசையிலே நண்பர்கள் எடுத்துக் கொடுத்த சொல் என்கிறார்கள். இன்சுலின் என்றால் தீவு. கணையத்துக்குள்ளே தீவுத் தீவாகக் கிடக்கும் செல் கூட்டங்களை 1869இல் லாங்கர்ஹான்ஸ் கண்டார், அங்கே சுரப்பதால் அந்தப் பெயர்.

அந்த இன்சுலினும் ஒரு புரதமே, 51 மணி கோத்த சிறு மாலை. "மாத்திரையாகக் கொடுத்தால் என்ன, ஏன் குத்துகிறார்கள்?" என்று கேட்காத நோயாளி இல்லை. பருப்பிலே உள்ள புரதத்தை என்ன செய்கிறது வயிறு? நொதிகளை விட்டு மாலையை அறுத்து மணி மணியாக்குகிறது. இன்சுலினை விழுங்கினால் அதையும் பருப்பாகவே நினைத்து அறுத்துவிடும்! புரதம், நொதி என்ற இரண்டு சொல் தெரிந்திருந்தால், ஊசி மேல் உள்ள வெறுப்பிலே பாதி போய்விடும். 1921இல் டொராண்டோவிலே பாண்டிங்கும் பெஸ்ட்டும் அதைப் பிரித்தெடுத்தார்கள். 1922 சனவரியிலே 14 வயதுப் பையனுக்கு முதன்முதல் போடப்பட்டது. உரிமையைத் தலைக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக் கழகத்திடம் விற்றுவிட்டார்கள், கோடிகளைக் குவித்திருக்கலாம்! அந்த ஒரு டாலர் மருந்தைச் சொல் புரியாததால் நாம் மறுக்கிறோம்.

நம் பக்கத்துக் குறையையும் சொல்லாவிட்டால் இந்த ஏட்டுக்கு அழகல்ல. தமிழிலே சொல் செய்த நம் புலவர்களுக்கு அணு என்ற சொல்லிலே அளவற்ற காதல். இரும்பின் கடைசித் துகள் அணு. சரி. செல் உயிரணு, இரத்தத்திலே ஓடுவது சிவப்பணு, ஆணின் வித்து விந்தணு, டி.என்.ஏ.யின் ஒரு பகுதி மரபணு! படிக்கிறவன் என்ன நினைப்பான்? எல்லாம் ஒரே அளவு என்று நினைப்பான். ஒரு சிவப்பணுவுக்குள்ளே 27 கோடி ஹீமோகுளோபின். ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான அணு! வீட்டுக்கும் செங்கல்லுக்கும் மணலுக்கும் ஒரே பெயர் வைத்தாற்போல. கலம் என்று சிலர் சொல்லிப் பார்த்தார்கள், இலங்கைப் பள்ளிகளிலே அது வழங்குகிறது. நம் பக்கம் செல் என்றே சொல்கிறோம். கறையானும் செல்தான், கையிலே வைத்திருக்கும் பேசியும் செல்தான்! இருக்கட்டும். ஹார்மோன் ஹார்மோனாகவே இருக்கட்டும், நொதி நொதியாக இருக்கட்டும். எந்தச் சொல் என்று நாம் அடித்துக்கொள்வதிலே ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று தறிக்கூடத்திலே போய்ச் சொல்லத்தான் ஆள் இல்லை.

ஆகவே கேட்கிறோம். அரசு மருத்துவமனை ஆனாலும் தனியார் சோதனைக்கூடம் ஆனாலும், கொடுக்கிற தாளிலே ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் ஒரு வரி தமிழிலே போடுங்கள். "ஏ1சி: கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் கணக்கு" என்று அச்சிட எவ்வளவு மை செலவாகும்? அதற்கு ஒரு குழு, அந்தக் குழுவுக்கு ஒரு துணைக்குழு, அதற்கு ஓர் அறிக்கை என்று இழுக்க வேண்டாம்.

படிப்பகத் தோழர்களுக்கும் சொல்ல இருக்கிறது. மாதத்திலே ஒரு மாலை, அரசியலை ஒரு மணி நேரம் ஒத்தி வையுங்கள். பக்கத்திலே இருக்கும் செவிலியரையோ உயிரியல் ஆசிரியரையோ அழையுங்கள். உறுப்பினர்கள் வீட்டிலே கிடக்கும் சோதனைத் தாள்களைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பெயரை மடித்து மறைத்துவிட்டு, வரி வரியாகப் படித்துப் பொருள் கேளுங்கள். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர் வேலை, அதிலே நாம் தலையிட வேண்டாம். தாளைப் படிப்பது நம் வேலை. எங்கள் படிப்பகத்திலே சென்ற மாதம் முதல் கூட்டம் நடந்தது. 11 பேர் வந்தார்கள், 14 தாள்கள். முதல் தாளை எடுத்து மேசைமேல் வைத்தவர், மூன்று விரல் காலோடு நடந்து வந்த அந்தத் தறித் தோழர்தான். வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "இப்பவாவது தெரியுமா?" என்று கேட்டார்.